இருதயத்துக் காதுல பஞ்சு

வாரும்வே மருமவனே, இப்படிக் கட்டில்ல உக்காரும். கொடைக்கு வந்த மனுசன் கோயில் பக்கம் தலையைக் காட்டல. வந்ததுலேருந்து அந்த வேப்பமரத்து மூட்டுல நின்னுக்கிட்டு போன்ல யாரையோ கும்பிட்டுக்கிட்டே இருக்கீரு. ‘எஸ் எஸ்’ங்கீரு, ‘ஷ்யூர் ஷ்யூர்’ங்கீரு. நம்ம சுடலைமாடனே வருசத்துக்கு ஒரு தடவைதான் கெடா கேக்கான். உம்ம அமெரிக்கச் சாமி தெனம் ராத்திரி 11 மணிக்குக் கேக்குமோ?

போனை இப்படிக் குடும். சார்ஜ் இறங்கிட்டுன்னீருல்லா, உள்ள கொண்டு வச்சுட்டு வாரேன்.

ஆச்சு. இப்பம் அந்தக் கைக்கெடியாரத்தைத் திருப்பும். மணி காட்டுனா போதாதுன்னு இது நாடியும் பாக்குதாம்லா. எத்தனை? 96. சும்மா கட்டில்ல உக்காந்து கருப்பட்டிக் காப்பி குடிக்க 43 வயசு ஆம்பளைக்கு 96. அதுவும் நாலு மாசத்துக்கு முன்னாடி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்து, ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சு வீட்டுக்கு அனுப்புன ஆளுக்கு. போன மாசம் பேசயில, ‘58தான் மாமா காட்டுது, பயமா இருக்கு’ன்னீரு. 58 எப்படிவே 96 ஆச்சு? வட்டி போட்டு வளந்துச்சோ?

உம்ம பையை நான் கிண்டல. உம்ம அத்தை அழுக்குத்துணி எடுக்கப் போனா, மாத்திரை அட்டை ஒண்ணு கைபடாத கன்னி மாதிரி கெடந்துச்சாம். 12 மாத்திரை. 12 நாளு. 31 வருசம் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்து ஊருக்கெல்லாம் மாத்திரை எண்ணிக் குடுத்தவன்ட்டயே கணக்கை மறைக்கலாம்னு நெனச்சீரே, உம்ம தைரியம் யாருக்கு வரும்! அட்டையைத் திருப்பிப் பாத்தேன். மெட்டோப்ரலால். நம்ம ஆளுதான். நானும் ஏழு வருசமா இவன் கூடத்தான் குடும்பம் நடத்துதேன்.

இந்த வம்சத்தையே எனக்குத் தெரியும்வே. ப்ரோப்ரனலால், அட்டெனலால், மெட்டோப்ரலால், பைசோப்ரலால், கார்வெடிலால். வடக்கேருந்து வட்டிக்கடை வைக்க வந்த அண்ணன் தம்பிமாரு மாதிரி எல்லாம் ‘லால்’லதான் முடியும். மூத்தவன் ப்ரோப்ரனலால். அவன் பொறந்த கதையைச் சொல்லுதேன், ஆனா அதுக்கு முன்னாடி நேத்து ராத்திரி நீரு பாக்காம விட்டதைச் சொல்லணும்.

நையாண்டி மேளக்காரன் ஒரே சீரா வாசிச்ச வரைக்கும் நம்ம சாமியாடி அண்ணாச்சி ஓரமா வெத்தலையைக் குதப்பிக்கிட்டு சாதுவா நிக்காரு. உறுமிக்காரன் ஒரு இழுப்பு இழுத்தான், தவிலுக்காரன் காலத்தைக் கூட்டுனான், அம்புட்டுதான். 70 வயசு மனுசன், முட்டுவலிக்கு என்ட்ட தைலம் வாங்குத ஆளு, பந்தக்கால் உசரத்துக்குக் குதிக்காரு. உம்ம நெஞ்சுக்குள்ள இருக்கதும் அந்த மாதிரி ஒரு சாமியாடிதான். மேளக்காரன் இருக்க எடம் வேற. ரெண்டு சிறுநீரகத்து மண்டையிலயும் குல்லா கணக்கா அட்ரினல்னு ஒரு சுரப்பி உக்காந்திருக்கு, அங்கனதான் மேளக்கச்சேரி. அந்த மேளத்துக்குப் பேரு அட்ரினலின். 1901-ல தகாமினே ஜோகிச்சின்னு ஒரு ஜப்பான்காரரு அமெரிக்காவுல இருந்துக்கிட்டு இதைத் தனியாப் பிரிச்செடுத்துக் காட்டுனாரு. இவன் தம்பி நார்அட்ரினலின் நரம்பு நுனியில நின்னுக்கிட்டு ஒத்து ஊதுவான்.

மேளம் பொல்லாததுன்னு சொல்லல. கம்மங்காட்டுல காட்டுப்பன்னி எதுத்து வந்துட்டா ஓடணுமா இல்லியா? ஓட ரத்தம் வேணும், ரத்தம் தள்ள இருதயம் குதிக்கணும். பன்னி கால் மணி நேரத்துல போயிரும், மேளமும் ஓஞ்சிரும். உமக்கு வந்திருக்க பன்னி போவானா? திங்கக்கெழமை மெயில் அனுப்புதான், செவ்வாக்கெழமை ‘என்னாச்சு’ன்னு கேக்கான், வீட்டுக்கடன்காரன் அஞ்சாந்தேதி குறுஞ்செய்தி விடுதான். ஒவ்வொண்ணுக்கும் உள்ள உறுமி. சாமியாடி எறங்க வழியே இல்லாம ஆடிக்கிட்டே இருக்கான். ரொம்ப ஓவரா அடிச்சா மேளமே ஆளைக் கொல்லும்வே. இருதயத் தசை சுருங்கணும்னா ஒவ்வொரு துடிப்புக்கும் அளவாக் கால்சியம் உள்ள வந்து வெளிய போகணும். அட்ரினலின் வெள்ளமாப் பாஞ்சா கால்சியமும் மடை ஒடைஞ்ச மாதிரி உள்ள பூந்து, சுருங்குன தசை விரியாமலே சில எடத்துல செத்துப் போகும். அடைப்பு இல்லாத இருதயத்துக்கே இந்தக் கதி. உம்மளுது ஏற்கெனவே ஒட்டுப் போட்ட குழாய்.

மாத்திரை இல்லாத காலத்துல என்ன செஞ்சானுவன்னு கேட்டா, செத்தானுவ. லண்டன்ல ஜான் ஹண்டர்னு ஒரு சர்ஜன். பெரிய கை. அவருக்குக் கோவம் வந்தா நெஞ்சுவலியும் சேந்து வரும். தன் உசுரு, தன்னைச் சீண்டிப் பாக்க நெனைக்க எந்தப் போக்கிரி கையிலயும் இருக்குன்னு அவரே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாருன்னு எழுதி வச்சிருக்காக. 1793 அக்டோபர்ல செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில ஒரு கமிட்டிக் கூட்டம். எவனோ எதுத்துப் பேசிட்டான். கோவத்தை வாய்க்குள்ளயே முழுங்கிட்டு எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போனாரு, அங்கனயே விழுந்தாரு. தனக்கு என்ன சீக்குன்னு தெரிஞ்ச டாக்டரு, தன்னை எது கொல்லும்னும் தெரிஞ்ச டாக்டரு, கூட்டத்துக்குப் போகாம இருந்தாரா? இல்லியே. உம்ம வம்சம்தான் போல.

சரி, லால் கதைக்கு வாரேன். ஸ்காட்லாந்துல ஜேம்ஸ் பிளாக்னு ஒருத்தர், 1924-ல பொறந்தவரு. சுரங்கத்து எஞ்சினியர் மவன். டாக்டருக்குப் படிச்சாரு, படிச்சு முடிக்கையில கழுத்து வரைக்கும் கடன். கடனை அடைக்க எங்க போனாரு தெரியுமா? சிங்கப்பூருக்கு. 1947-ல. நம்ம ஊர்க்காரன் சம்பாதிக்கப் போற அதே சிங்கப்பூரு, அங்கன வாத்தியார் வேலை. திரும்பி வந்து கிளாஸ்கோவுல மாட்டு டாக்டர் காலேஜ்ல உடலியல் சொல்லிக் குடுத்தாரு. அதனால நீரு முழுங்க மறுக்க மாத்திரைக்கு மூலபுருசன் கடன்காரரு, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவரு, மாட்டுக்கொட்டாய் வாசம் பிடிச்சவரு. நமக்குச் சொந்தக்காரருன்னே சொல்லிப்புடலாம்.

இவரு அப்பா ஒரு கார் விபத்துல மாட்டுனாரு. விபத்துல பெருசா அடியில்ல, அந்த அதிர்ச்சியைத் தொடந்து மாரடைப்பு வந்து போயிட்டாரு. மவனுக்கு அது மண்டைக்குள்ளயே நின்னுட்டு. அந்தக் காலத்து டாக்டருமாரு நெஞ்சுவலின்னா, ரத்தம் பத்தல, குழாயை விரிச்சு ரத்தத்தைக் கூட்டி அனுப்புன்னுதான் யோசிச்சாக. பிளாக் கேள்வியைக் கவுத்துப் போட்டாரு.

நம்ம மேலக்காட்டுக் கிணத்தை வச்சே சொல்லுதேன். சித்திரையில ஊத்து ஒரு மணி நேரத் தண்ணிக்குத்தான் காணும். அப்பம் என்ன செய்வோம்? வசதி இருந்தா வெடி வச்சு இன்னும் பத்தடி எறக்குவோம். ஆனா எம்புட்டு எறக்குனாலும் அஞ்சு குதிரைச்சக்தி மோட்டாரை நாள் பூரா ஓடவிட்டா காத்துதான் இழுக்கும், காயில் கருகிப்போகும். புத்தியுள்ளவன் மோட்டார் ஓட்டத்தைக் குறைப்பான், வாழையைப் பிடுங்கிட்டு உளுந்து போடுவான். பிளாக் செஞ்சது அந்த வேலைதான். ஊத்தைக் கூட்ட முடியாதா, சரி, இருதயத்தோட தாகத்தைக் குறைப்போம். அதுக்கு மேளச் சத்தம் அது காதுல விழாமப் பாத்துக்கிடணும்.

காதுன்னு ஒண்ணு இருக்கான்னு கேக்கீரா? இருக்கு. 1948-ல அமெரிக்காவுல ரேமண்ட் ஆல்குவிஸ்ட்னு ஒருத்தரு, அட்ரினலினைக் கேக்கதுக்கு உடம்புல ரெண்டு சாதிக் காது இருக்கு, ஒண்ணு ஆல்ஃபா, இன்னொண்ணு பீட்டான்னு எழுதுனாரு. இருதயத்துல இருக்கது பீட்டாக் காது. முதல்ல அனுப்புன பத்திரிகைக்காரன் கட்டுரையைத் திருப்பி அனுப்பிட்டான். வேற பத்திரிகையில வந்தும் பத்து வருசத்துக்கு ஒரு பய சட்டை செய்யல. பிளாக்தான் அதைப் பிடிச்சுக்கிட்டாரு. 1958-ல ஐசிஐ கம்பெனியில சேந்து, அந்தப் பீட்டாக் காதுல பஞ்சு வைக்க ஒரு மருந்து தேடுனாரு. முதல்ல கெடைச்சது புரோனெத்தலால். எலிக்குக் குடுத்தா கட்டி வந்துச்சு, தூக்கிப் போட்டாக. அடுத்தது ப்ரோப்ரனலால், 1960-கள் நடுவுல கடைக்கு வந்துச்சு. மனுசன் அதோட நிக்கலவே. வேற கம்பெனிக்குப் போயி வயித்துப்புண்ணுக்கு சிமெடிடின் கண்டுபிடிச்சாரு. கவலைப்பட்டா நெஞ்சும் வயிறும்தான முதல்ல எரியும்? ரெண்டுக்கும் இவரே மருந்து வச்சாரு. 1988-ல நோபல் குடுத்தாக. கடனை எப்ப அடைச்சாரோ, அதை யாரும் எழுதல.

பீட்டாத் தடுப்பான்னு புத்தகத்துல போடுவான். நான் பஞ்சும்பேன். கரிசக்காட்டுக்காரன் வேற என்னத்தைச் சொல்லுவான்? காதுல பஞ்சு வச்சா மேளம் நிக்காது. உறுமி உறுமிக்கிட்டேதான் இருக்கும், உம்ம மேனேசர் கத்திக்கிட்டேதான் இருப்பான். சாமியாடிக்கு மட்டும் பாதிதான் கேக்கும், அதனால பாதி உசரம்தான் குதிப்பான். மெயிலைப் பாத்ததும் 130க்குப் போற நாடி 90ல நிக்கும். சும்மா இருக்கையில 58. அந்த 58 பாத்துத்தான் பயந்தீராக்கும்! கூலி குடுத்துக் காவக்காரனை வச்சுட்டு, அவன் ராத்திரி முழிச்சிருக்கான்னு போலீசுக்குப் போன கதையால்லா இருக்கு. தலை சுத்துதா, மயக்கம் வருதா, மூச்சு முட்டுதா, அப்பம் டாக்டர்ட்ட சொல்லும், அவரு அளவைக் குறைப்பாரு. கெடியாரம் சொன்னதுக்காக நீரே டாக்டரானா எப்படி?

இந்தக் காதைப் பத்தி எனக்குத் தெரியாதா என்ன? எனக்குக் காது மந்தம்னு ஊரே சொல்லுது. உம்ம அத்தை இருபது வருசமா சொல்லுதா. பெத்த மவன் சொத்துப் பிரிக்கச் சொன்னப்பம் எனக்குக் கேக்கல, சம்பந்தக்காரன் குத்திப் பேசுனப்பம் கேக்கல. கறிக்கடைக்காரன் நல்ல எலும்பு இருக்குன்னு தெரு முக்குல சொன்னா மட்டும் கேக்கும். 76 வயசாச்சு.

கோட்டித்தனமாப் பேசுதேன்னு நெனச்சீருன்னா கணக்கும் சொல்லுதேன். 1994 சனவரி 17, விடியக்காலம் நாலரை மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பூகம்பம். அந்தக் கவுண்டியில சாதாரணமா ஒரு நாளைக்குச் சராசரி 4.6 பேர் திடீர்னு இருதயம் நின்னு சாவாக. அன்னைக்கு 24 பேர். இவுக தலையில கல்லு விழல, காதுல மேளம் விழுந்துச்சு. அடுத்த நாட்கள்ல சாவு வழக்கத்தைவிடக் குறைஞ்சு போச்சாம். எமன் நாளைக்கு வச்சிருந்ததை இன்னைக்கே எடுத்துக்கிட்டான் போல. பூகம்பத்தை விடும், பந்து விளையாட்டு. 2006 உலகக்கோப்பை, செருமனியில. அவனுக டீம் ஆடுன நாள்ல மட்டும் மியூனிக் பக்கம் இருதயக் கேசு 2.66 மடங்கு. சோபாவுல உக்காந்து பந்தைப் பாத்தவனுக்கு! பந்து இவன் வீட்டுச் சன்னலைக்கூட ஒடைக்கல.

சிரிக்கீரு. உம்ம அத்தைக்கு நடந்ததைக் கேட்டா சிரிக்க மாட்டீரு.

சின்னவ காலேசுல படிச்சப்பம், அவ போற பஸ்ஸு கயத்தாறு பக்கம் கவுந்துட்டுன்னு எவனோ போன்ல சொல்லிட்டான். அவ ஏறுனது வேற பஸ்ஸு. அரைமணி நேரத்துல சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டா. ஆனா அந்த அரைமணிக்குள்ள இவ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா, மூஞ்சியெல்லாம் வேர்வை. திருநெல்வேலிக்குத் தூக்கிட்டுப் போனோம். ஈசிஜி கோணல்மாணலா இருக்கு, ரத்தத்துல இருதயம் அடிபட்டதுக்கு அடையாளம் இருக்கு. மாரடைப்புன்னு ஆஞ்சியோ எடுத்தா, குழாய் மூணும் கழுவி வச்ச பித்தளைச் செம்பு மாதிரி சுத்தம். டாக்டர் தம்பி எக்கோவைக் காட்டுனாரு. எடது கீழறை அடியில பலூன் மாதிரி ஊதி, கழுத்துல மட்டும் சுருங்கிக்கிட்டு இருக்கு. ஜப்பான்ல இதைத் தகோட்சுபோன்னு சொல்லுதானாம். ஆக்டோபஸ் பிடிக்க மண்பானை, வாய் ஒடுக்கம், வயிறு குண்டு. நம்ம தூத்துக்குடிக்காரன் பேய்க்கணவாய்ம்பான்லா, அதுதான். 1990-ல ஹிரோஷிமா டாக்டர் சாட்டோவும் அவரு ஆளுகளும் அந்தப் பேரை வச்சாக. 2004-ல நீகாட்டா பூகம்பத்துக்கப்புறம் அங்கன வரிசையா இந்தக் கேசு. 2005-ல அமெரிக்க டாக்டருக இந்த மாதிரி 19 பேர் ரத்தத்தைப் பாத்தா அட்ரினலின் வகையறா ஏகப்பட்டது. பத்துல ஒன்பது பேரு பொம்பளைக, அதுலயும் தீட்டு நின்ன வயசுக்காரிக.

டாக்டர் தம்பி, ‘அம்மா, சமீபத்துல மனசு ஒடையிற மாதிரி அதிர்ச்சி ஏதும் உண்டா?’ன்னு கேட்டாரு. இவ பஸ் கதையைச் சொல்லல. என்னை ஒரு பார்வை பாத்தா பாரும், ‘அது 1974-லயே நடந்துட்டு தம்பி, இவுகளைக் கட்டிக்கிட்டு வந்தேன்’னா. நர்சுப் புள்ளைக விழுந்து விழுந்து சிரிக்குது.

நாலஞ்சு வாரத்துல பானை பழையபடி இருதயமாயிட்டு. அதுதான் அந்தச் சீக்கோட நல்ல குணம், பெரும்பாலும் தானா தேறிரும், மொத நாட்கள்லதான் உசுருக்கு ஆபத்து. நான் கம்பவுண்டர் புத்தியில, ‘தம்பி, மறுபடி வராம இருக்க இவளுக்கும் ஒரு லாலைத் தட்டி விடுங்களேன்’னேன். அவரு யோக்கியமான ஆளு. ‘அய்யா, மேளம்தான் காரணம்னா பஞ்சு வேலை செய்யணும்னு நமக்கும் தோணத்தான் செய்யும். ஆனா 2015-ல பல நாட்டுக் கேசைச் சேத்துப் பாத்ததுல, லால் சாப்பிட்டவுக ஒரு வருசத்துல கூடுதலாப் பொழைச்சதாத் தெரியல, பிரஷருக்குக் குடுக்க வேற சாதி மாத்திரை சாப்பிட்டவுகதான் கொஞ்சம் தேவலன்னு வந்திருக்கு’ன்னாரு. எனக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. இத்தனை வருசம் நான் கும்பிட்ட சாமி இந்தக் கோயில்ல இல்லியான்னு ஆயிட்டு. ஆனா அன்னைக்குத்தான் அந்தத் தம்பி மேல எனக்கு மரியாதை வந்துச்சு. எல்லாத்துக்கும் ஒரே மாத்திரை எழுதுதவன் டாக்டர் இல்ல, எங்க ஆஸ்பத்திரியில அந்தச் சோலியை நானே பாத்தேன்.

இப்பம் நீரு சட்டைப்பையிலேருந்து அஸ்திரத்தை எடுப்பீரு. தெரியும். ‘மாமா, புது ஆராய்ச்சி வந்துட்டு, மாரடைப்பு வந்தவனுக்கு லால் வேண்டாமாம், எங்க ஆபீஸ் குரூப்ல போட்டான்.’ போட்டான்லா? அவன் பாதி போட்டான், மீதியை நான் போடுதேன். முதல்ல பழங்கதை. 1978-லேருந்து 1981 வரைக்கும் அமெரிக்காவுல, மாரடைப்புல தப்பிச்ச 3,837 பேரைப் பிரிச்சு, பாதிக்கு ப்ரோப்ரனலால், பாதிக்கு வெறும் மாவு மாத்திரை. மாவு தின்ன கூட்டத்துல நூத்துக்கு 9.8 பேர் போய்ச் சேந்தாக, மருந்துக் கூட்டத்துல 7.2. வித்தியாசம் தெளிவாத் தெரிஞ்சதால குறிச்ச நாளுக்கு ஒன்பது மாசம் முன்னயே ஆராய்ச்சியை நிறுத்திட்டாக. ஆனா அப்பம் ஸ்டென்ட் கெடையாது, இப்பம் இருக்க மாத்திரையில பாதி கெடையாது. அதனால 2024-ல சுவீடன்காரனுவ பெரும்பாலும் அவங்க ஊர்லயே 5,020 பேரை வச்சு மறுபடி பாத்தானுவ. லால் குடுத்தாலும் குடுக்காட்டியும் ஒண்ணுதான்னு வந்துச்சு. வாஸ்தவம். யாரை வச்சுப் பாத்தான்? ஒரு துடிப்புக்கு இருதயம் தன்கிட்ட இருக்க ரத்தத்துல நூத்துக்கு 50க்குக் குறையாம வெளிய தள்ளுதவுகளை. தசை கெடாதவுகளை. உம்ம எக்கோ சீட்டுல எத்தனைவே? சொல்லும். வாய்க்குள்ள முனங்காதீரும், எனக்குத்தான் காது மந்தம்லா. 38! அந்தக் கடுதாசி உம்ம விலாசத்துக்கு வந்ததில்ல. பக்கத்து வீட்டுக்கு வந்த தந்தியைப் பிரிச்சுப் படிச்சுட்டு நம்ம வீட்டுல ஒப்பாரி வச்ச மாதிரி.

சரி, நிறுத்தணும்னா நிறுத்துததுக்கும் ஒரு மொறை உண்டு. காதுல மாசக்கணக்கா பஞ்சு இருந்தா உடம்பு சும்மா இருக்காதுவே. ‘என்னடா சத்தமே சரியாக் கேக்கலயே’ன்னு இருதயத்துல புதுசு புதுசாக் காது மொளைக்க ஆரம்பிக்கும். நெசந்தான், பீட்டாக் காது எண்ணிக்கை கூடும். அந்த நேரம் பஞ்சைப் படக்குன்னு பிடுங்குனா? முன்ன ரெண்டு காதுல கேட்ட உறுமி இப்பம் இருபது காதுல. கொசு பறந்தாலும் கொடை மேளம். சாதுவா இருந்தவனுக்கு நாடி எகிறும், நெஞ்சுவலி திரும்பும், மாரடைப்பே வரும். அமெரிக்காவுல மருந்து டப்பாக்குள்ள மடிச்சு வைக்க காயிதத்துல இதைப் போட்டிருக்கான், படக்குன்னு நிறுத்தாதே, ஒண்ணு ரெண்டு வாரத்துல பையப் பையக் குறைன்னு. உம்ம 96 எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பம் புரியுதா? மேனேசர் புதுசாக் கத்தல. உமக்குக் காது கூடிட்டு.

பஞ்சு நல்லதுன்னு அள்ளி அள்ளி வைக்கவும் கூடாது. ஆப்பரேசன் மேசையில படுத்தா உடம்புக்கு அது பெரிய பன்னி, அதனால முன்கூட்டியே மெட்டோப்ரலாலை அதிகமாக் குடுத்துருவோம்னு 8,351 பேருக்குச் செஞ்சு பாத்தாக. 2008-ல முடிவு வந்துச்சு. மாரடைப்பு குறைஞ்சுது. பக்கவாதமும் சாவும் கூடிட்டு. ஆடவேண்டிய நேரத்துல ஆடவிடாம சாமியாடியைக் கட்டிப்போட்டா ரத்தம் மூளைக்கு எப்படிப் போகும்?

இன்னொரு பேதைத்தனம் நம்ம கீழத்தெருவுலயே நடந்துச்சு. பேரு வேண்டாம், உமக்குத் தெரிஞ்ச ஆளுதான். எலெக்சன் மேடையில மைக்கைப் பிடிச்சா கை நடுங்குதாம். அவன் பொண்டாட்டி ஒத்தைத் தலைவலிக்கு ப்ரோப்ரனலால் சாப்பிடுதா. அதுல ரெண்டை எடுத்து முழுங்கிட்டு மேடை ஏறிட்டான். கை நடுங்கல, வாஸ்தவம். அந்த வித்தை ஊரறிஞ்சதுதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல வட கொரியாக்காரன் கிம் ஜோங் சு துப்பாக்கி சுட்டு வாங்குன ரெண்டு மெடலையும் இதே ப்ரோப்ரனலாலுக்காகத்தான் பிடுங்கிட்டாக. ஆனா நம்மாளுக்குச் சின்ன வயசுலேருந்து எளைப்பு. மூச்சுக்குழாய்லயும் பீட்டாக் காது உண்டு, அட்ரினலின் சொல்லித்தான் அது விரியும். மூத்த லாலுக்கு இருதயம் எது, நுரையீரல் எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, எல்லாக் காதுலயும் பஞ்சு வச்சுருவான். ‘அன்பான வாக்காளப் பெருமக்களே’ன்னு ஆரம்பிச்ச பய ‘பெரு’வோட நின்னுட்டான். நடுராத்திரி வரைக்கும் ஆஸ்பத்திரியில காத்து பிடிச்சாக. 11 ஓட்டுல ஜெயிச்சுட்டான், அது வேற விசயம். இரக்க ஓட்டு.

சுகர்காரனுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. சுகர் தாழ்ந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுத்தான் உடம்பு தகவல் சொல்லும். பஞ்சு வச்ச நெஞ்சு படபடக்காது. வேர்வை மட்டும் வரும், அதைப் பாத்துக்கிடணும். உமக்குச் சுகர் இல்ல, ஆனா நம்ம குடும்பத்து ரத்தத்துல கருப்பட்டி ஓடுது, எதுக்கும் சொல்லி வைக்கேன்.

என்ன, மூஞ்சி தொங்கிட்டு? இப்பவே போயி அட்டையை ஒடைச்சு ரெண்டு மாத்திரை போட்டுக்கிடுதேன்னு எந்திரிக்காதீரும். நிறுத்துனது உம்ம இஷ்டத்துக்கு, ஆரம்பிக்கதும் உம்ம இஷ்டத்துக்கா? உம்ம அத்தை போன்ல நான் காலையிலயே டாக்டர் தம்பிட்டப் பேசிட்டேன். 12 நாள் கணக்கையும் சொல்லிட்டேன், 38ஐயும் சொல்லிட்டேன். நாடியைப் பாத்து, ஈசிஜி எடுத்து, எந்த அளவுலேருந்து தொடங்கணும்னு அவரு சொல்லுவாரு. நடுவுல வலி வந்தா உடனே கூட்டியாங்கன்னாரு. பெரியவன் காரு துடைச்சு நிக்கி, மூணு மணிக்குக் கெளம்புதோம். சட்டையை மாத்தும். அந்தக் காலர் வச்ச கம்பெனிச் சட்டை வேண்டாம், அதுல இருக்க படத்தைப் பாத்தாலே எனக்கு நாடி ஏறுது.

எதைவே தேடுதீரு, தலகாணியைப் புரட்டிப் புரட்டி? போனா? சார்ஜ்ல போட்டேன்னுதான சொன்னேன். எந்த பிளக்குலயும் காணுமா? என்ன, எங்கனயோ கிணுகிணுன்னு சத்தம் வருதா? கம்பங்குலுக்கைக்குள்ளேருந்தா? நல்ல கதையா இருக்கே. ரெண்டு மூட்டைக் கம்பு கொட்டி, சாணி மெழுகி மூடுன குலுக்கைக்குள்ள போன் எப்படிவே பேசும்?

எனக்கு ஒண்ணும் கேக்கலயே. உம்ம அத்தை அடுப்படியில எலையைப் போட்டுட்டா, அது கேக்கு. வாரும்.